பேச்சியம்மனோடு நான் போட்ட சண்டை

மன்மத வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மலையடிவாரத்துப் பேச்சியம்மன் கோவிலில் என் மூத்த மகளைக் காணாமல் நின்றேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. என் வயிற்றில் அடுத்த பிள்ளைக்கு ஏழாம் மாதம். அன்றைக்கு நான் அம்மனைக் கையெடுத்துக் கும்பிடவில்லை. அவள் முகத்துக்கு நேராக நின்று சண்டை போட்டேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லப் போகிறேன். பேச்சியை நம்புகிற நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

என் பெயர் முருகாயி. போடியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. காய் எடுக்கிற காலம் வந்துவிட்டால் மலையிலேயே தங்கிவிடுவார். கீழே வீட்டில் நானும் மாமியாரும் மகள் பொன்னுத்தாயியும்தான்.

இரண்டாவது உண்டானபோது எனக்குச் சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம் பொன்னுவுக்கு. அவளுடைய அப்பாவின் பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, காயப்போட்டு, பிள்ளைத்துணியாகக் கிழிக்கும்போது அவளும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள். சர்ரென்று கிழியும் சத்தத்துக்கு அப்படிச் சிரிப்பாள். ஒரு துண்டைத் தன் மரப்பாச்சிக்குச் சுற்றிவிட்டு, என் வயிற்றில் வாயை வைத்து, "பாப்பா, வெரசா வா, துணியெல்லாம் ரெடி" என்பாள். வசம்பை எங்கே வைத்திருக்கிறேன், தொட்டில் சேலை எது, எல்லாம் அவளுக்குத் தெரியும். வருகிற பிள்ளை அவளுடையது என்றே நினைத்திருந்தாள். அப்படித்தான் நானும் அவளைப் பழக்கியிருந்தேன்.

அதைக் கெடுத்தார்கள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சுடுகிறது.

என் வீட்டுக்காரரின் அக்கா ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். ஆனி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், துணி மடித்துக்கொண்டிருந்த பொன்னுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"என்னடி இம்புட்டு சோலி பாக்குற? தம்பி வந்துட்டா ஒனக்கு இந்த வீட்டுல எடமே இல்ல. ஒன்னயக் கொண்டுபோயி மலங்காட்டுல விட்டுருவோம்."

பொன்னு என்னைப் பார்த்தாள். நான், "அதெல்லாம் இல்லடா" என்றேன். மதினி விடவில்லை. "ஒங்கம்மா அப்பிடித்தான் சொல்லுவா. தம்பி வரட்டும், பாரு" என்றார். மாமியார் சிரித்தார். தண்ணீருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். பிறகு அதுவே தெருவுக்கெல்லாம் விளையாட்டாகிவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன பொன்னு, மலைக்கு எப்பப் போற?" என்று கேட்டார்கள்.

பிள்ளை துணியைத் தொடுவதை விட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். நான் கிணற்றடிக்குப் போனாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இத்தனையையும் நான் மாமியாரிடம் சொன்னேன். மதினியிடமும் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"மதினி, பிள்ள பயப்படுது. அப்பிடிச் சொல்லாதீங்க."

"ஆமா, ஊருல ஒலகத்துல இல்லாத பிள்ளயப் பெத்துட்டா! வெளாட்டுக்குச் சொன்னா இவளுக்குப் பொறுக்கல" என்றார் அவர்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு எது, நிஜம் எது என்று யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? பெரியவர்கள் சொன்னால் நடக்கும் என்றுதானே அவளுக்குத் தெரியும்? சோறு போடுகிறேன் என்றால் போடுகிறோம். குளிப்பாட்டுகிறேன் என்றால் குளிப்பாட்டுகிறோம். காட்டில் விடுவோம் என்றால் விட்டுவிடுவோம் என்றுதானே நினைப்பாள்?

ஆடியில் பேச்சிக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று மாமியார் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளைக்கும் காவல் அவள்தானே, எனக்கும் ஆசைதான். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது வளைகாப்பு போட்டுச் சீர் செய்த என் பிறந்த வீட்டார், இரண்டாவதுக்கு ஒன்றும் செய்யவில்லை. அம்மன் காலடியில் வைத்தாவது இரண்டு வளையல் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். பொன்னுவுக்கு மாற்றுத்துணி, கருப்பட்டி, பஸ்ஸில் குமட்டினால் முகர எலுமிச்சம்பழம், ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு. அத்தனையும் ஒரு தோளில், பிள்ளை மறு இடுப்பில். மாமியார் பூசைச் சாமான்களை வைத்திருந்ததால் அவருக்குக் கை ஒழியவில்லை.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒரு பெரிய மனுஷர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "வாயும் வயிறுமா இருக்கவ கைப்பிள்ளயத் தூக்கிட்டு ஊரு சுத்தணுமாக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். காலை மடக்கவில்லை. பொன்னு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மலைக்கா போறோம்?" என்று கேட்டாள். "கோயிலுக்குடா, பொங்கல் சாப்பிட" என்றேன். அவள் பிடி தளரவே இல்லை.

ராசிங்காபுரத்தில் மதினியும் அவர் கணவரும் வண்டி கட்டித் தயாராக இருந்தார்கள். அங்கிருந்து சோளக்காடுகளுக்கு நடுவே வண்டிப்பாதை. அது முடிகிற இடத்தில் கோவில். கோவில் என்றால் ஒரு வேப்பமரமும், மேடையும், மேடைமேல் பேச்சியும்தான். பின்னால் ஒரு ஓடை. ஓடை நெடுக மூங்கில் புதர். அதற்கப்புறம் மலை நெட்டுக்குத்தலாக ஏறுகிறது. ஏலத்தோட்டத்து ஆட்கள் ஏறி இறங்குகிற ஒற்றையடிப் பாதை கோவிலுக்குப் பக்கத்திலேயே போகிறது.

அடுப்பு மூட்டினேன். ஈர விறகு. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. பொன்னு என் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது மதினி மலையைக் கைகாட்டி, அவளிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"அந்தா பாருடி, அதுதான் மல. பொங்க பொங்குனதும் ஒன்னய அங்க விட்டுட்டு, பேச்சிகிட்ட தம்பிய வாங்கிட்டு வீட்டுக்குப் போகப் போறோம்."

"மதினி!" என்று திரும்பிக் கத்தினேன். "இன்னொரு தடவ எம்பிள்ளகிட்ட அப்பிடிச் சொன்னா நல்லா இருக்காது."

"பாத்தீங்களாம்மா ஒங்க மருமக பேசுற பேச்ச" என்று அவர் தன் தாயிடம் முறையிட்டார். மாமியார், "நல்ல நாளும் அதுவுமா என்ன சண்ட? பொங்கப் போகுது, பானையப் பாரு" என்று என்னை அதட்டினார். பார்த்தேன். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் குலவை போட்டார்கள்.

குலவை அடங்கித் திரும்பிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் பிள்ளை இல்லை.

வண்டிக்கு அடியில் பார்த்தோம். மரத்துக்குப் பின்னால் பார்த்தோம். மதினியின் கணவர் வண்டிப்பாதையில் ஓடினார். பூசாரி வயல் கிணற்றுப் பக்கம் ஓடினார். "பொன்னு! பொன்னு!" என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டோம். மதினி குரலைக் குழைத்துக்கொண்டு, "ஓடியா கண்ணு, அத்த மிட்டாய் தாறேன்" என்று கூப்பிட்டார். எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. மலைப்பாதையில் ஒரு மலையாளத்து அம்மா மூட்டையோடு இறங்கி வந்தார். தோட்டத்தில் காய் எடுக்கிறவர். வழியில் பிள்ளை எதையும் காணவில்லை என்றார். அப்படியானால் மிச்சம் இருந்தது ஓடைதான்.

நான் ஓடைப் பக்கம் நடந்தேன். சோளக்காட்டுக் காவக்காரர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"தாயி, அங்குட்டுப் போகாத. நேத்து சாயந்தரம் யான எறங்கிருக்கு. காட்ட மிதிச்சுட்டு இந்த ஓடையிலதான் நிக்குது. காலையில நான் யான போட்ட லத்தியப் பாத்தேன், சூடு ஆறல."

மதினியின் கணவர் தகரத்தைத் தட்டி விரட்டலாம் என்றார். காவக்காரர் வேண்டாம் என்றார். மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாதாம். பிள்ளை உள்ளே இருந்தால் மிதிபட்டுவிடுமாம். ஊருக்குள் போய் ஆட்களைக் கூட்டிவர வேண்டும், அதுவரை எல்லோரும் சத்தம் போடாமல் உட்காருங்கள் என்றார். மதினியின் கணவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

உட்கார வேண்டுமாம். என் பிள்ளை யானை நிற்கிற ஓடையில் இருக்கிறாள், நான் உட்கார வேண்டுமாம். மதினி மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ ஒழுங்காப் பாத்திருந்தா இப்பிடி ஆகுமா?" என்றார். ஆமாம், அவர்தான் சொன்னார், அந்த வாயால்தான் சொன்னார். மாமியார் என் தோளை அழுத்தினார்.

"அழுது அலட்டிக்காத முருகாயி. அது விதிப்படி ஆகட்டும். வயித்துல இருக்கதையாவது காப்பாத்து."

இருக்கிறதையாவது! ஒன்று போனால் ஒன்று இருக்கிறதே என்கிற பேச்சு அது. சந்தையில் ஒரு கோழி தவறிப் போனால் சொல்கிற பேச்சு. அந்த ஒரு வார்த்தையில் என் அழுகை நின்றுபோனது. எழுந்தேன். நேராகப் பேச்சியின் முன்னால் போய் நின்றேன். முதலில் மெதுவாகத்தான் வந்தது. பிறகு எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"ஏ பேச்சி! பிள்ளையக் காக்குறவன்னு ஒனக்குப் பேரு வச்சாங்களே, எங்கடி போன? ஒன் வாசல்ல ஒக்காந்த பிள்ளய, ஒன் பானை பொங்குற நேரத்துல கோட்ட விட்டுட்டு, மாலையும் மஞ்சளுமா நிக்கிறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

பூசாரி ஓடிவந்தார். "தாயி, தாயி, சன்னதியில அப்பிடிப் பேசாத. ஆத்தா கோவிச்சுக்குவா."

"அவ கோவிச்சா எனக்கென்ன? எங்கோவத்த யாரு கேக்குறது?" என்றேன் அவரிடம். அடிவயிறு கல்லாக இறுகி, வலி இடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டேன். மூட்டையை இறக்கிவிட்டு நின்றிருந்த அந்த மலையாளத்து அம்மா பக்கத்தில் வந்து, என் முதுகில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டார். வாயை மூடு என்று அங்கே எனக்குச் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். "ஒறக்கெ விளிக்கு மோளே" என்றார். உரக்கக் கூப்பிடு மகளே என்கிறார். கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"ஒண்ண எடுத்துட்டு ஒண்ணக் குடுக்குறதுதான் ஒன் வழக்கமா? அப்பிடி ஒரு பிள்ள எனக்கு வேண்டாம்! எம்பொன்னு இல்லாம எனக்குத் தம்பியும் வேண்டாம், தங்கச்சியும் வேண்டாம்! அவளுக்கு அப்புறந்தான் எல்லாம். அவள மலையில விட்டுட்டு நான் வீட்டுக்குப் போவேனா? இங்கேயே கெடப்பேன். எம்மகளக் கொண்டா! மொதல்ல எம்மகளக் கொண்டா!"

அப்புறம் எனக்குக் குரல் இல்லை. மூச்சுத்தான் வந்தது.

அந்த அமைதியில், ஓடைக்கரையிலிருந்து, மிகப் பக்கத்திலிருந்து, "அம்மா" என்று கேட்டது.

கரையில், மூங்கில் மறைவில் ஒரு பாறை சரிந்து கிடக்கிறது. அதற்கடியில் நாய் நுழைகிற அளவுக்கு ஒரு இடுக்கு. அங்கிருந்து தலையெல்லாம் சருகும் மண்ணுமாக என் மகள் ஊர்ந்து வெளியே வந்தாள். நான் எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. காவக்காரர் தடுத்ததும் நினைவில்லை. அள்ளி எடுத்தபோது அவள் அழவில்லை. என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள்.

"என்னய விட மாட்டேல்ல?"

"மாட்டேன்டா. சாமி சத்தியமா மாட்டேன்."

"அத்த கூப்புட்டுச்சு. மலையில விடத்தான் கூப்புடுதுன்னு நான் பேசவே இல்ல." பிறகு என் காதோடு சொன்னாள்: "பெரிய மாடு வந்துச்சும்மா. இம்புட்டுப் பெருசு. இங்க நின்னுச்சு. நான் மூச்சே விடல. அப்புறம் போயிருச்சு."

காவக்காரர் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஈர மணலில் யானையின் கால் தடம், அந்த இடுக்குக்குப் பக்கத்திலேயே பதிந்திருந்தது. தடத்தில் ஊறின தண்ணீர் இன்னும் தெளியவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடையின் மேல்பகுதியில், தூரத்தில், மூங்கில் படபடவென்று முறிகிற சத்தம் கேட்டது. யானை மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பூசாரி மேடைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். என்னால் விழ முடியவில்லை. வயிறு வலித்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேச்சியைப் பார்த்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. "வந்துட்ட" என்று மட்டும் சொன்னேன். நின்றுபோயிருந்த அழுகை அதற்கப்புறம்தான் திரும்ப வந்தது.

மலையாளத்து அம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஊர் ஆட்களோடு வண்டி வந்து சேர்ந்தது. அதில் திரும்பும்போது மதினி சொன்னார்: "பாத்தியா, நான் அப்பிடிச் சொல்லப் போயித்தான பிள்ள பயந்து பேசாம இருந்துச்சு. இல்லாட்டி வெளிய வந்து யானகிட்ட மாட்டிருக்கும். எல்லாம் நல்லதுக்குத்தான்."

பிள்ளையை ஓடைக்கு விரட்டியது அந்தப் பேச்சு. ஓடைக்குள் அவளைப் பாறை இடுக்கில் நுழைத்து, யானை நின்றபோது வாயை அடைத்து, அது போனபின் என் குரலை அவள் காதுக்குக் கொண்டுபோனது பேச்சி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேச யாரையும் நான் விட மாட்டேன். அன்றைக்கும் விடவில்லை.

"வண்டிய நிறுத்துங்கண்ணே" என்று மதினியின் கணவரிடம் சொன்னேன். நிறுத்தினார். "மதினி, பேச்சி செஞ்சத நீங்க செஞ்சதாச் சொல்லாதீங்க. நீங்க செஞ்சது வேற. இனி எம்பிள்ளைகிட்ட அந்தப் பேச்சப் பேசுனா, எங்க வீட்டு வாசப்படிய நீங்க மிதிக்கக் கூடாது." மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதினியின் கணவர் தலையைத் திருப்பாமலே, "அவுக சொல்றது சரித்தான்" என்றார். மாட்டைத் தட்டினார்.

வலி வீட்டுக்கு வருவதற்குள் அடங்கிவிட்டது. போடி ஆஸ்பத்திரி நர்ஸம்மா தொட்டுப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது, ஓய்வெடு என்றார். விஷயம் கேட்டு என் வீட்டுக்காரர் மலையிலிருந்து லோடு ஜீப்பில் இறங்கி வந்தார். அவரும் முதலில், "அக்கா வெளாட்டாத்தான் சொல்லிருக்கும்" என்றுதான் ஆரம்பித்தார். பொன்னுவை அவர் மடியில் உட்காரவைத்து, "நீங்களே கேளுங்க" என்றேன். கேட்டார். தன் அப்பாவிடமும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள்: "என்னய விட மாட்டேல்ல?" அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுததை அன்றைக்குத்தான் நான் முதல்முறை பார்த்தேன். மறுநாளே ராசிங்காபுரம் போய்த் தன் அக்காவிடம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில், ஆஸ்பத்திரியில், மாதம் நிறைந்து சுகமாகப் பிள்ளை பிறந்தது. பெண். "இதுவும் பொட்டயா" என்று முகத்தைச் சுருக்கினவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: "பேச்சி எனக்குக் குடுத்த பிள்ள. பாக்க வந்தா பாத்துட்டுப் போங்க." பேச்சியம்மாள் என்றே பேர் வைத்தோம். முதலில் பொன்னுவின் மடியில்தான் கிடத்தினேன். அவள் குனிந்து தங்கச்சியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதன் காதில், "ஒன்னய யாரும் எங்கயும் விட மாட்டாங்க" என்றாள்.

இப்போது நான் பழைய முருகாயி இல்லை. பஸ்ஸிலோ சந்தையிலோ யாராவது ஒரு பிள்ளையிடம், உன்னைப் பிடித்துக்கொடுத்துவிடுவேன், விற்றுவிடுவேன், விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று விளையாடினால், முன்பின் தெரியாதவர் என்றுகூடப் பார்ப்பதில்லை. கேட்டுவிடுவேன். வாயாடி என்கிறார்கள். சொல்லட்டும். அந்தப் பிள்ளையின் முகம் தெளிவதைப் பார்க்கிறேன், அது போதும்.

நான் கத்தினேன், பிள்ளைக்குக் கேட்டது, வந்துவிட்டாள், இதில் சாமி எங்கே வந்தது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். அப்போது யானை பாறைக்கு முன்னால் நின்றிருந்தது. அப்போது அவள் ஓடி வந்திருந்தால்? என்னை அதுவரைக்கும் உட்காரவைத்து, யானை நகர்ந்த பிறகு எழுப்பி, பயந்த பிள்ளை எதைக் கேட்டால் வெளியே வருமோ அதையே என் வாயில் வைத்தது யார்? எனக்கு அந்தப் புத்தி இல்லை. கோபம்தான் இருந்தது. என் கோபத்தைப் பேச்சி எடுத்துக்கொண்டாள்.

என் உடன்பிறந்தவர்களே, வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக அலைகிற தாய்மார்களே, பேச்சியிடம் வாருங்கள். நல்ல வார்த்தை கிடைக்கவில்லையே என்று தயங்காதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆத்திரம் வந்தால் அதையும் அவள் முன்னால் கொட்டுங்கள். பிள்ளைக்காகக் கத்துகிறவளைப் பேச்சி ஒருநாளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் பிள்ளைக்காரிதான்.